கூரைமேல் ஒரு பிடி பஞ்சு

பனி பெய்து நான் பார்த்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று வாரம் பனியைப் பற்றிப் பாடம் நடத்திய அறிவியல் டீச்சர் நான்தான். கல்யாணமான புதிதில் ஒரு தை மாதம் கொடைக்கானல் போயிருந்தோம். விடியற்காலையில் விடுதிக்காரர் கதவைத் தட்டி, புல்தரையெல்லாம் உறைபனி, வெள்ளை வெளேரென்று கிடக்கிறது, வந்து பாருங்கள் என்றார். நான் சால்வையைத் தேடி, செருப்பைத் தேடி, படியிறங்கிப் போவதற்குள் வெயில் வந்துவிட்டது. புல் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். யார் கொடைக்கானல் போகிறேன் என்று சொன்னாலும் என் கணவர் இன்றைக்கும் அந்தக் கதையை எடுத்துவிடுவார்.

அந்த ஏமாற்றம் எனக்குள் ஆசையாக மாறி அப்படியே தங்கிவிட்டது. நாகல் நகரிலிருந்து பள்ளிக்கு ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போகும்போது, இந்தத் தெரு முழுக்கப் பனி மூடினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். காய்கறிக் கடைகளின் தார்ப்பாய் மேலெல்லாம் வெள்ளை. பேகம்பூர்ப் பக்கம் மினார்களின் உச்சியில் வெள்ளை. ஒரு வண்டியும் ஆரன் அடிக்கவில்லை. நடக்கிறவர்களின் காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஆட்டோக்காரர் 'யக்கா, எறங்கலையா' என்று கேட்ட பிறகுதான் ஊர் பழைய நிறத்துக்குத் திரும்பும்.

வகுப்பிலும் இதே கதைதான். எட்டாம் வகுப்பு மாடியில் இருக்கிறது. ஜன்னலில் மலைக்கோட்டைப் பாறை தெரியும். பாடத்தின் நடுவில் அதைப் பார்த்தபடி நின்றுவிடுவேன். 'டீச்சர் போயிட்டாங்க' என்று முன்பெஞ்சில் யாராவது மெதுவாகச் சொல்வது காதில் விழும், ஆனாலும் திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆகும். என் கோபமும் இதே மாதிரி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும். கனவு காண்கிற ஆட்கள் சாதுவானவர்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பாதியில் எழுப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் அந்தத் தாளைக் கொடுத்தார்கள். கையால் வீடு கட்டி, கூரைமேல் எடை ஏற்றி, கட்டடம் எப்படி நிற்கிறது என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். ஏதோ குளிர்நாட்டுப் பள்ளியின் தாளை அப்படியே தமிழாக்கி வைத்திருந்தார்கள். உங்கள் ஊரில் பனிக்காலத்தில் கூரைமேல் எவ்வளவு பனி சேரும் என்று பெற்றோரிடம் கேட்டு வரவும் என்பது அதில் முதல் வரி. அறை முழுக்கச் சிரிப்பு. மற்ற ஆசிரியர்கள் பனியை எடுத்துவிட்டு மழை, காற்று என்று மாற்றிக்கொண்டார்கள். நான் மாற்றவில்லை. மழை வழிந்து ஓடிவிடும், பனி கூரைமேல் உட்கார்ந்துகொள்ளும், எடையைப் புரியவைக்க அதுதான் நல்லது என்று கேட்டவர்களிடம் விளக்கம் சொன்னேன். விளக்கம் சரிதான், ஆனால் நிஜமான காரணம் என் ஆசை.

வகுப்பில் முப்பத்தொரு பேர். ஐந்து ஐந்து பேராக ஆறு குழு பிரித்ததில் ஒருத்தி மிஞ்சினாள். எந்தக் குழுவில் சேர்க்கட்டும் என்று கேட்டேன். தனியாகவே கட்டுகிறேன் என்றாள். தாடிக்கொம்பு தாண்டி ஒரு கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற பிள்ளை. அம்மா சம்பங்கித் தோட்டம் பார்க்கிறார், அப்பா ராணுவத்தில் இருக்கிறார். அதிகம் பேசமாட்டாள். ஆனால் பனி என்று நான் கரும்பலகையில் எழுதியதுமே அவள் கைதான் முதலில் எழுந்தது. எங்கப்பா இருக்குற எடத்துல நெறய இருக்கு டீச்சர் என்றாள். அவள் குரல் அவ்வளவு தூரம் கேட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கி அம்மாவின் போனைக் கொண்டுவந்தாள். வகுப்பே அவளைச் சுற்றிக்கொண்டது. ஒரு படத்தில் அவள் அப்பா முழங்கால்வரை பனியில் நின்று சிரிக்கிறார். குல்லாய்க்குள் முகம் மட்டும் தெரிகிறது, மீசையில் வெள்ளை ஒட்டியிருக்கிறது. பின்னால் தகரத்தை வளைத்துக் கவிழ்த்தாற்போல் ஒரு கொட்டகை. அதற்குள்தான் தூங்குவார்கள் என்றாள். இன்னொரு படத்தில் ஆளே இல்லை, வெறும் வெள்ளை, அதன்மேல் நீல நிழல். அந்தப் படத்தைப் பிள்ளைகளைவிட நான்தான் அதிக நேரம் வைத்திருந்தேன். 'டீச்சர் போயிட்டாங்க' என்று அவளே சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

வீடு கட்ட ஈர்க்குச்சி, அட்டை, நூல், மைதாப் பசை. ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம். பனி ஏற்றத் தொடங்கிய பிறகு யாரும் வீட்டில் கை வைக்கக் கூடாது. விழும்வரை ஏற்ற வேண்டும். எவ்வளவு எடையில் விழுந்தது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். இவையெல்லாம் தாளில் இருந்த விதிகள். சின்னாளபட்டியிலிருந்து வரும் ஒரு பிள்ளை வீட்டுத் தறியில் மிஞ்சிய நூலை ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். அவள் குச்சிகளை இணைத்துப் போட்ட முடிச்சுகள் என் மைதாப் பசையைவிட உறுதியாக இருந்தன. வகுப்பில் சட்டம் பேசுகிறவளும் அவள்தான். விதிகளை நான் ஒருமுறைதான் வாசித்தேன், அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

பனிக்கு எதைப் பயன்படுத்துவது என்று ஒரு வகுப்பு முழுக்கப் பேச்சு. மாவு என்றார்கள், வீட்டில் அடி விழும் என்று அவர்களே கைவிட்டார்கள். பொரி என்றார்கள், அது கூரைக்குப் போய்ச் சேராது என்று நான் சொன்னேன். கடைசியில் பஞ்சு. ஒருத்தியின் சித்தி நூற்பாலையில் வேலை பார்க்கிறார். கழிவுப் பஞ்சு ஒரு சாக்கு வந்து சேர்ந்தது.

முதல் நாள் ஆறு குழுவும் வீடுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆறும் மாடி வீடு. ஆறுக்கும் மொட்டை மாடி, நாலு பக்கமும் கைப்பிடிச் சுவர். ஒன்றில் மாடிப்படிக்கு மேல் தனி அறை. ஒன்றில் பேனா மூடியைக் கவிழ்த்து வைத்துத் தண்ணீர்த் தொட்டி. இன்னொன்றில் இரண்டு குச்சி நட்டுக் கொடி கட்டி, அதில் விரலளவுத் துணிகள் காய்ந்தன. பனி கொட்டுகிற ஊரில் யாரம்மா மாடியில் வடகம் காயப்போடப் போகிறார்கள் என்று கேட்டேன். அந்தச் சுவர் எதற்கு, விழுகிற பனியை வழியவிடாமல் பிடித்து வைக்கவா என்று கேட்டேன். சட்டம் பேசுகிறவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"கைப்பிடிச் செவரு இல்லேன்னா பிள்ளைக விழுந்துராதா டீச்சர்?"

சரிவான கூரை போட்டிருக்கலாமே, ஓட்டு வீட்டில் இருப்பதுபோல என்றேன். நாங்கள் இருப்பது ஓட்டு வீட்டில்தான், இதிலாவது மாடி கட்டிப் பார்ப்போம் என்றுதான் கட்டினோம் என்று பின்பெஞ்சிலிருந்து பதில் வந்தது. கைப்பிடிச் சுவரோடே இருக்கட்டும், ஏற்றிப் பார்ப்போம் என்றேன்.

பஞ்சு பறக்கிறது என்று காற்றாடியை நிறுத்தினோம். மாசி வெயில் ஜன்னல் வழியாக விழுந்து மேசைவரை வந்திருந்தது. நான் சாக்கிலிருந்து பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துக் கூரைகள்மேல் தூவினேன். இழைகள் வெயிலில் மிதந்து, விழலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் மெதுவாக இறங்கின. பிள்ளைகளின் தலையில், ரிப்பனில், புருவத்தில் எல்லாம் வெள்ளை. யாரும் பேசவில்லை. கீழே ரோட்டில் போகும் பஸ்ஸின் சத்தம் எங்கேயோ தூரத்து ஊரில் கேட்பதுபோல் இருந்தது. என் வாழ்நாளில் நான் பார்த்த பனி அதுதான். ஆனால் ஒரு கூரையும் அசையவில்லை. மாடிகள் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு ஆறு வீடும் கல்லுப்பிள்ளையாராக நின்றன. என்ன டீச்சர் இது, பனிக்கு எடையே இல்லையே என்று கேலி ஆரம்பித்தது.

தன் வீட்டை இன்னும் முடிக்காமல் இருந்த, தனியாகக் கட்டுகிறவள்தான் அப்போது வழி சொன்னாள்.

"நனைஞ்சா கனக்கும் டீச்சர். ஈரப் பூவு கொண்டு போனா மண்டியில எடை கழிச்சுத்தான் எடுப்பாங்க."

அவ்வளவு சரியான அறிவியலை அந்தத் தாள்கூடச் சொல்லவில்லை. நிஜப் பனியும் அப்படித்தான், ஈரம் ஏறினால் கனம் பல மடங்கு ஏறும். எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, பஞ்சைப் பிடி பிடியாக நனைத்து, தராசில் நிறுத்து, மாடிகளில் வைத்தேன். முதல் வீடு ஐந்தாவது பிடியில் முனகியது. ஆறாவது பிடியில் கூரை உள்ளே இறங்கி, சுவர்கள் வெளியே சாய்ந்து, தண்ணீர்த் தொட்டி உருண்டு தரையில் விழுந்தது. வகுப்பு கைதட்டியது. ஒவ்வொரு வீடும் விழ விழக் கைதட்டல் கூடியது. உடைந்தால்தானே எங்கே பலவீனம் என்று தெரியும் என்று நானும் சேர்ந்து தட்டினேன். அந்த வேகத்தில் ஒரு வாக்கியம் சொன்னேன்.

"பனி பாக்க அழகாத்தான் இருக்கும். கூரைமேல ஏறி உக்காந்துச்சுன்னா, உள்ள தூங்குறவனத் தூக்கத்துலயே அமுக்கிரும்."

நான் நாடகமாகப் பேசுகிறவள். அந்த வாக்கியம் வகுப்பில் நன்றாக எடுபட்டது. அந்தப் பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை. இந்த முறை ஆறு குழுவும் மாடியைக் கைவிட்டுச் சரிவான கூரை போட்டிருந்தார்கள், உள்ளே முக்கோணம் முக்கோணமாகக் குச்சி வைத்துத் தாங்கல் கொடுத்திருந்தார்கள். இரண்டு குழுவுக்குக் கைப்பிடிச் சுவரை விட மனம் வரவில்லை, சரிவின் ஓரத்தில் சின்னதாக ஒன்று கட்டியிருந்தார்கள். தனியாகக் கட்டியவளின் வீடு வேறு மாதிரி இருந்தது. ஈர்க்குச்சிகளை வில்லாக வளைத்து, வரிசையாக நட்டு, மேலே பிஸ்கட் பாக்கெட்டின் உள்தாளை வெள்ளிப் பக்கம் வெளியே தெரிய ஒட்டியிருந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். தீப்பெட்டியில் ஒரு கட்டில். அதன்மேல் மடித்து வைத்த கம்பளித் துண்டு. எடை தாங்குகிற சோதனைக்குக் கட்டில் எதற்கு, வாடகைக்கு விடப்போகிறாயா என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை என்பதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

ஆறு வீடும் முறையாக விழுந்தன. முன்னைவிட மூன்று மடங்கு தாங்கிவிட்டுத்தான் விழுந்தன. பிள்ளைகளுக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியாக அவள் வீட்டை மேசை நடுவுக்கு இழுத்து, நனைத்த பஞ்சை எடுத்தேன். அவள் எழுந்து வந்து கூரைமேல் இரண்டு கையையும் குடைபோல் வைத்துக்கொண்டாள்.

"இது வேணாம் டீச்சர்."

எடு கையை என்றேன். எடுக்கவில்லை. ஈரப் பஞ்சிலிருந்து தண்ணீர் என் முழங்கைவரை வழிந்தது. பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. மற்றவர்கள் வீடு உடையும்போது கைதட்டத் தெரிந்தது, உன் வீட்டை மட்டும் கண்ணாடி அலமாரியில் வைத்துக் கற்பூரம் காட்டவா என்று கேட்டேன். உடைக்கத்தான் கட்டுகிறோம், அது தெரியாவிட்டால் எதற்குக் கட்டினாய் என்று கேட்டேன். அவள் அழவில்லை. அவள் கைதட்டவே இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. வீட்டை எடுத்துக்கொண்டு போய் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மணி அடித்து எல்லாரும் போன பிறகு சட்டம் பேசுகிறவள் நின்றுகொண்டிருந்தாள்.

"டீச்சர், அவுங்கப்பாட்ட இருந்து போனு வந்து பத்து நாளாச்சாம். அங்க பெரிய பனியாம்."

காலியான வகுப்பில் நான் நின்றேன். தரையெல்லாம் பஞ்சு ஈரமாக ஒட்டிக் கிடந்தது. எனக்கு அன்றைக்கு ஜன்னல் பக்கம் பார்க்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி அவள் ஊருக்குப் போனேன். பஸ் நிறுத்தத்திலிருந்து சம்பங்கித் தோட்டங்களுக்கு நடுவே மண்பாதை. வெயிலில் அந்த வாசம் தலையைச் சுற்றவைக்கும், நடந்துகொண்டிருப்பதே மறந்துவிடும். அன்றைக்கு மறக்கவில்லை. அவள் அம்மா வரப்பில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். வீட்டுக்குள் கூட்டிப்போய்ப் பாயை விரித்து, மோர் கொடுத்தார். பிள்ளை பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றார். நான் எதற்கு வந்தேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். அதில் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"போனு வராததெல்லாம் எனக்குப் பழகிப்போச்சு டீச்சர். டவர் போயிரும், அப்புறம் வந்துரும். இவதான் நீங்க சொன்னதுல இருந்து தூங்க மாட்டேங்குறா. முழிச்சு முழிச்சு ஒக்காந்துக்குறா. அந்தப் போட்டோவ ஊரு பூரா காட்டிக்கிட்டுத் திரிஞ்ச பிள்ள, இப்ப தொறக்கவே மாட்டேங்குறா."

மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளை பத்திரமாக வைத்திருந்த ஒரு வெள்ளையை நான் வாங்கிப் பார்த்துவிட்டு, கனமாக்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பாடம் நடத்துகிறவர்களுக்கு இது நேரும் என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

அவள் வந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வகுப்பில் தினமும் பார்க்கிற முகம்தான், நான் பார்த்திருக்கவில்லை. திட்டியதற்கு வருத்தப்படுகிறேன் என்று சொன்னேன். சரி டீச்சர் என்றாள். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆறுதல் சொன்னேன். ராணுவக் கொட்டகைகளைப் பெரிய பொறியாளர்கள் கணக்குப் போட்டுக் கட்டுகிறார்கள், விழக்கூடிய பனியைவிடப் பல மடங்கு தாங்கும்படி கட்டுகிறார்கள், வளைவுக் கூரையில் பனி தங்காமல் சறுக்கிவிடும், நீயே அழகாக அதைத்தானே கட்டியிருக்கிறாய் என்றேன். எத்தனை மடங்கு தாங்கும் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. தெரியவில்லை என்றே சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளாஸ்ல நீங்க ஒரு பிடிக்கு மேல ஒரு பிடி வச்சீங்க டீச்சர். விழுந்ததும் நிறுத்திட்டீங்க. அங்க யாரு நிறுத்துவா?"

உள்ளே அலமாரியில் அந்த வெள்ளித் தாள் வீடு இருந்தது, அதன்மேல் தூசி விழாமல் ஒரு கைக்குட்டை போர்த்தியிருந்தது. கிளம்பும்போது என் போன் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் பேசினால் எப்போதானாலும் எனக்குச் சொல்லுங்கள் என்றேன். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வழிநெடுகத் தென்னை, வழிநெடுக வெயில். கண்ணை மூடினால் வெள்ளையாக ஏதோ இறங்கிக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை.

புதன்கிழமை மூன்றாவது பாடவேளை. செரிமானம் நடத்திக்கொண்டிருந்தேன், கட்டடப் பாடத்தை விட்டு வெகுதூரம் ஓடி வந்திருந்தேன். மேசையில் போன் அதிர்ந்தது, தெரியாத எண். வகுப்பில் நான் போனை எடுக்கமாட்டேன். அன்றைக்கு எடுத்தேன். இரைச்சலுக்கு நடுவில் ஒரு ஆண் குரல், தாடிக்கொம்புப் பேச்சு. வணக்கம் டீச்சர், நான் பாப்பாவோட அப்பா என்றார். வீட்டில் பேசிவிட்டேன், பிள்ளையோடு உடனே பேசுங்கள் என்று அவள் அம்மா இந்த நம்பரைக் கொடுத்தாள், லைன் எப்போது போகும் என்று தெரியாது, செத்த நேரம் கொடுக்க முடியுமா என்றார். போனை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கும்போது விரல் எங்கேயோ பட்டு ஸ்பீக்கர் ஆனாகிவிட்டது. யாரும் அதை நிறுத்தவில்லை.

எப்படி இருக்கீங்க என்று அவள் கேட்கவில்லை.

"அப்பா, ஒங்க கூரை எம்புட்டுத் தாங்கும்?"

இரைச்சல். பிறகு சிரிப்பு.

"அத எவன் கண்டான். அம்புட்டு ஏற விட்டாத்தானே தெரியும்."

"ஏற விட மாட்டீகளா?"

"எங்க விடுறது. மொற வச்சு ஒருத்தன் முழிச்சிருப்பான் பாப்பா. விழ விழத் தள்ளிக்கிட்டே இருப்பான். அவன் முடிச்சிட்டு வந்து என்னைய எழுப்புவான், நான் மேல போவேன். அது வரைக்கும் நான் நல்லாத் தூங்குவேன்."

நீ நல்லா சாப்பிடுறியா என்று அவர் கேட்டது பாதியில் அறுந்தது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். செரிமானத்தில் எங்கே விட்டேன் என்று எனக்கு நினைவில்லை. பிள்ளைகளுக்கும் நினைவில்லை.

மறுநாள் அவள் வெள்ளித் தாள் வீட்டைக் கைக்குட்டையோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். போடுங்க டீச்சர் என்றாள். வேண்டாம் என்றேன், அது அப்படியே இருக்கட்டும், உடைக்க வேண்டியதில்லை என்றேன். இல்ல, போடுங்க என்றாள். வாளியில் தண்ணீரை அவளே கொண்டுவந்தாள். சாக்கில் பாதிப் பஞ்சு மிச்சம் இருந்தது. காற்றாடியை நிறுத்தினார்கள். எல்லாரும் பெஞ்சை விட்டு எழுந்து மேசையைச் சுற்றி வந்தார்கள்.

நான் ஒரு பிடி நனைத்து வளைவின் உச்சியில் வைத்தேன். இரண்டாவது பிடி. மூன்றாவது பிடியில் வெள்ளித் தாள் லேசாகக் குழிந்தது. அவள் மரஸ்கேலை எடுத்து, தாள் கிழியாமல், பஞ்சை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டாள். அது மேசையில் பொத்தென்று விழுந்தது. கூரை மறுபடி எழுந்து நின்றது. சட்டம் பேசுகிறவள் உடனே ஆட்சேபித்தாள். ஏற்றத் தொடங்கிய பிறகு கை வைக்கக் கூடாது, விதியில் இருக்கிறது, எங்கள் வீட்டில் யாரும் கை வைக்கவில்லை என்றாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தாள் என் மேசையில்தான் கிடந்தது, விதியும் அதில் இருந்தது.

"அது ஆளில்லாத வீட்டுக்கு" என்றேன். "இதுல ஆளு இருக்கு."

அடுத்த பிடியை வைத்தேன். அவள் தள்ளினாள். வைத்தேன், தள்ளினாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெயில் மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்திருந்தது. விழுந்த பஞ்சை ஒருத்தி எடுத்துப் பிழிந்து மறுபடி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள், அதனால் பனி தீரவே இல்லை. யாரும் கைதட்டவில்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தமும் ஸ்கேல் தாளில் உரசுகிற சத்தமும் மட்டும் கேட்டன. அவள் கை தளர்ந்துகொண்டே வந்தது. கண் சொருகிச் சொருகித் திறந்தது. ஒருமுறை ஸ்கேல் நழுவி மேசையில் விழுந்தது. நான் பஞ்சோடு கையைப் பாதியில் நிறுத்தினேன்.

சட்டம் பேசுகிறவள் அந்த ஸ்கேலை எடுத்தாள்.

"நீ போய்ப் படு புள்ள. நான் பாத்துக்கிறேன்."

அவள் தோழியின் முகத்தைப் பார்த்தாள். ஸ்கேலைப் பார்த்தாள். பிறகு முன்பெஞ்சில் போய் உட்கார்ந்து, கைமேல் கன்னத்தை வைத்து, வீட்டைப் பார்த்தபடி இருந்தாள். நான் ஒரு பிடி வைத்தேன், சட்டம் பேசுகிறவள் தள்ளினாள். இன்னொரு பிடி. மூன்றாவது பிடிக்குள் முன்பெஞ்சில் அவள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, ரிப்பனில் பஞ்சு ஒட்டியிருந்தது. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக ஓசைப்படாமல் வரிசையில் நின்றார்கள்.

மணி அடித்தது. அவள் அசையவில்லை. அடுத்தது கணக்கு வகுப்பு, வாசலில் கணக்கு டீச்சர் வந்து நின்றார். நான் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினேன், அவர் ஒன்றும் புரியாமல் அங்கேயே நின்றார். ஸ்கேல் வைத்திருந்தவள் கை வலிக்கிறது என்று உதறிக் காட்டினாள். அடுத்து யார் முறை என்று சைகையில் கேட்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள்.